டயரில் வெட்டா, வெடிப்பா? முதலில் நூலைப் பாருங்கள்

போன மாதம் பக்கத்து லயத்துத் தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணே, டயர் நாக்கைத் தள்ளுது" என்றான். முன் டயரில் ஒரு நெல்மணி நீளத்துக்கு வெட்டு. அதன் வழியாக டியூப் கறுப்பாக, கொண்டைக்கடலை அளவுக்குப் பிதுங்கி நின்றது. காற்று அப்படியே இருந்தது. அதுதான் பயம். முதல் வேலையாக வால்வைத் திறந்து காற்றை இறக்கினேன்.

வெட்டு எதனால் வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவன் வருகிற பாதையின் மேல்மலையில் கவ்வாத்து நடக்கிறது. வெட்டிய தேயிலைக் குச்சிகள் பாதையில் உருண்டு கிடக்கும். சரிவாக வெட்டுப்பட்ட முனை உளி மாதிரி இருக்கும். அதன் மேல் இறக்கத்தில் வேகமாக ஏறினால் டயர் தாங்காது.

சைக்கிள் டயரில் வெட்டு விழுந்தால் பலர் ரப்பரைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். வெளியே பெரிய காயம் என்றால் டயரை எறிந்துவிடுகிறார்கள், சின்னக் கீறல் என்றால் கண்டுகொள்வதில்லை. இரண்டுமே தவறாகலாம். டயருக்கு ரப்பர் மேல்தோல். உள்ளே நெருக்கமாகப் போட்டிருக்கும் நைலோன் நூல்தான் காற்றின் தள்ளலைத் தாங்குகிறது. 50 பிஎஸ்ஐ காற்று என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 3.5 கிலோ எடை தள்ளுகிறது என்று அர்த்தம். நூல் முழுசாக இருந்தால் மேல்தோல் எவ்வளவு கீறியிருந்தாலும் டயர் பிழைக்கும். நூல் அறுந்தால் சின்ன வெட்டும் ஆபத்து.

ஆகவே எந்தக் குறி தெரிந்தாலும் முதலில் இப்படிச் சோதியுங்கள். ஈரத்துணியால் டயரைத் துடையுங்கள், சேறு காய்ந்த டயரில் எதுவும் தெரியாது. காற்றைப் பாதி இறக்குங்கள். வெட்டு இருக்கும் இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து, வாய் திறக்கிற மாதிரி விரித்து, போன் டோர்ச்சை அடித்துப் பாருங்கள். அடியில் கறுப்பு மட்டும் தெரிந்தால் ரப்பர்தான் வெட்டுப்பட்டிருக்கிறது. வெள்ளையாகவோ பழுப்பாகவோ நெசவு தெரிந்தால் நூல் வரைக்கும் போய்விட்டது. அந்த நெசவில் அறுந்த நுனிகள் பிசிறாக நிற்கின்றனவா என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

வெட்டு இருக்கிறது, காற்று இறங்கவில்லை, நூல் தெரியவில்லை

ஓட்டலாம். ஆனால் உள்ளே கல் சிக்கியிருந்தால் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். தோட்டத்துப் பாதையில் உடைகல் அதிகம். பல்லி முட்டை அளவுச் சில்லு ஒன்று வெட்டுக்குள் ஒளிந்துகொண்டால் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 480 தடவைக்கு மேல் சுற்றுகிறது. இன்றைக்கு மேலோட்டமாக இருக்கும் கல் சில நாளில் டியூபைத் தொட்டுவிடும். மொட்டையான ஊசியாலோ சின்ன ஸ்க்ரூ டிரைவராலோ மேல்பக்கமாக நெம்பி எடுங்கள். உள்பக்கம் குத்த வேண்டாம்.

வாய் பிளந்து நிற்கும் வெட்டு என்றால் கழுவிக் காயவைத்து, செருப்பு ஒட்டும் பசையை உள்ளே விட்டு ஒரு இரவு கட்டி வைக்கலாம். அதனால் டயருக்குப் பலம் கூடாது, திரும்பவும் மண்ணும் கல்லும் புகாமல் இருக்கும், அவ்வளவுதான். சின்னச் சின்ன வெட்டுகளை நான் ஒட்டுவதே இல்லை.

வெட்டுக்குள் நூல் அறுந்திருக்கிறது, டியூப் எட்டிப் பார்க்கிறது

தம்பியின் டயருக்கு வந்தது இதுதான். காற்றோடு ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. காற்றை இறக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

இதற்குப் பலரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி வெட்டுக்கு நேரே உள்ளே வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். டியூப் ரப்பர் இழுபடும். காற்று தள்ளினால் அந்தத் துண்டும் டியூபோடு சேர்ந்து அதே வாயால் வெளியே பிதுங்கும். உள்ளே வைக்கும் துண்டு இழுபடாததாக, நெசவு உள்ளதாக இருக்க வேண்டும். அறுந்த நூலின் வேலையை இன்னொரு நூல்தான் செய்ய முடியும்.

அதற்குப் பழைய சைக்கிள் டயரைவிட நல்ல பொருள் கிடைக்காது. தேய்ந்துபோன மெல்லிய டயர் ஒன்றை எறியாமல் வைத்திருங்கள். அதில் 5, 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெட்டைவிட 2 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் உள்ள கம்பி விளிம்பை முழுசாக வெட்டி எறியுங்கள். பட்டன் வைத்த டயர், அதாவது மேலே கட்டை கட்டையாக ரப்பர் புடைத்து நிற்கும் டயர் என்றால் நடுப்பகுதி தடித்துவிடும், அதன் பக்கச்சுவர்த் துண்டை மட்டும் எடுத்தால் போதும். அப்புறம் ஒரு பிளேடால் துண்டின் நான்கு ஓரங்களையும் சரிவாகச் சீவுங்கள். விரலை வைத்து இழுத்தால் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும். இந்தச் சீவலில் அவசரப்பட்டால் பிறகு வருந்த நேரிடும். தடித்த ஓரம் டியூபைத் தேய்த்துத் தேய்த்து ஒரு மாதத்தில் அங்கேயே புதுப் பஞ்சரைக் கொண்டுவரும்.

டயரின் உள்பக்கத்தை அரத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள். பஞ்சர் சொலுஷனை டயரிலும் துண்டிலும் மெல்லிசாகத் தடவுங்கள். தடவிய உடனே ஒட்டாதீர்கள். மினுமினுப்பு போய், விரல் வைத்தால் கையோடு வராத நிலைக்குக் காய வேண்டும். இங்கே மழைக் குளிரில் அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகும். பிறகு டயரின் வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி துண்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டுங்கள். மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் டியூப் அதில் ஒட்டிக்கொள்ளாது.

வெட்டு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் துண்டு வைப்பதற்கு முன் தைக்க வேண்டும். டவுனில் செருப்புத் தைப்பவரிடம் மெழுகு பூசிய நூலில் நாலு தையல் போடச் சொல்லலாம். தையலின் மேல் துண்டு கட்டாயம் வேண்டும், முடிச்சு டியூபை உரசக் கூடாது. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய வெட்டுக்கு நான் வேலை பார்ப்பதில்லை. அது புது டயர் வாங்க வேண்டிய இடம்.

எல்லாம் முடிந்ததும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். பாதி அடித்ததும் சக்கரத்தைச் சுற்றி வெட்டு இருக்கும் இடம் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். தூக்கினால் இறக்கிவிட்டுத் துண்டை மாற்றுங்கள். இல்லையென்றால் வழக்கத்தைவிட ஒரு 5, 10 பிஎஸ்ஐ குறைவாக நிறுத்துங்கள்.

துண்டு வைத்த டயரை முன்சக்கரத்தில் போடவே கூடாது. தம்பியின் முன் டயரைத்தான் வெட்டியிருந்தது, ஆனால் ஒட்டி முடித்ததும் பின்சக்கரத்துக்கு மாற்றி, நல்லதாக இருந்த பின் டயரை முன்னுக்குக் கொண்டுவந்தேன். பின் டயர் வெடித்தால் சைக்கிள் ஆடும், பெரும்பாலும் நிறுத்திவிடலாம். முன் டயர் இறக்கத்தில் வெடித்தால் ஹேண்டில் நம் கையில் இருக்காது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம் என்று இருக்கிற நம்முடைய வளைவுகளில் அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

*நடுவழியில் என்றால்:* வெலிமடைப் பாதையில் ஒரு முறை எனக்கே இது நடந்தது. கையில் பழைய டயர்த் துண்டு இல்லை. மரக்கறித் தோட்டத்து வேலியில் கட்டியிருந்த உரச்சாக்கில் உள்ளங்கை அளவு கிழித்து, நாலாக மடித்து உள்ளே வைத்தேன். சாக்கும் நெசவுதான், இழுபடாது. காற்றைக் குறைவாக அடித்து, இறக்கங்களில் இறங்கித் தள்ளி, வீடு வந்து சேர்ந்தேன். பால்மா பக்கெட்டை மடித்து வைத்தாலும் தாங்கும், அந்த உறை பல அடுக்காகச் செய்தது. வெறும் பொலித்தீன் பை உதவாது. எதை வைத்தாலும் வீடு வரைக்கும்தான். வந்ததும் எடுத்துவிட்டு முறையாகச் செய்யுங்கள்.

ஒட்டுப் போட்டும் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சர்

டியூபில் குறை இல்லை, டயரில் ஏதோ நிற்கிறது. டயரைக் கழற்றும்போது வால்வுக்கு நேரே டயரில் ஒரு சோக் கோடு போடுங்கள். டியூபில் துளை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதே தூரத்தை டயரில் இரண்டு பக்கமும் அளந்தால் குற்றவாளி அங்கேதான் இருப்பான். இதற்காகவே நான் டயர் மாட்டும்போது எப்போதும் அதன் பெயர் எழுதிய இடத்தை வால்வுக்கு நேராக வைக்கிறேன்.

விரலை உள்ளே விட்டுத் தேடாதீர்கள், கண்ணாடி வெட்டும். ஒரு பஞ்சு உருண்டையை உள்பக்கம் முழுக்க இழுங்கள். எங்கே பஞ்சு பிடித்துக்கொள்கிறதோ அங்கே முள் இருக்கிறது. முள் முறிந்து நூலுக்குள்ளேயே தங்கியிருந்தால் காற்று இல்லாதபோது தெரியாது. டயரை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி புரட்டி வளைத்தால் நுனி எட்டிப் பார்க்கும். நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடலாம்.

முள் எதுவும் இல்லை, ஆனால் அறுந்த நூல் நுனி உள்பக்கம் விறைப்பாக நிற்கிறது என்றால் அதுவும் டியூபைக் குத்தும். நுனியை வெட்டிவிட்டு மேலே ஒரு சின்னத் துண்டு ஒட்டுங்கள். துளை ரிம் பக்கத்தில் இருந்தால் டயரை விட்டுவிட்டு, ரிம்மின் உள்பட்டி விலகி ஸ்போக்ஸ் கம்பியின் தலை தெரிகிறதா என்று பாருங்கள்.

டியூபில் அடுத்தடுத்து இரண்டு துளை, டயரின் ஓரத்தில் நசுங்கிய வெட்டு

காற்று குறைவாக ஓட்டியதன் விளைவு. கல்லிலோ கான் விளிம்பிலோ மோதும்போது ரிம் இறங்கி டியூபையும் டயரையும் சேர்த்து நசுக்குகிறது. டயரின் பக்கத்திலேயே எவ்வளவு அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும், 26 அங்குலப் பட்டன் டயர்களில் பெரும்பாலும் 40 முதல் 65 பிஎஸ்ஐ வரை. கேரியரில் கேஸ் சிலிண்டரோ மரக்கறி மூட்டையோ ஏற்றுகிறவர்கள் பின் டயரை மேல் அளவுக்குக் கிட்ட வைக்க வேண்டும்.

மலையில் ஒரு விசேஷம் உண்டு. கொழும்பில் அடித்த டயரை 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ கூடக் காட்டும். ஆனால் பகல் 25 பாகையில் 50 பிஎஸ்ஐ அடித்த டயர் விடியற்காலை 10 பாகைக் குளிரில் ஏறத்தாழ அதே 3 பிஎஸ்ஐ இறங்கியிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரம் அதுதான். காற்றைக் காலையில் பாருங்கள்.

பக்கச்சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்புகள்

இதைப் பார்த்துத்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். அதிகம் பேர் வீணாகச் செலவு செய்வதும் இங்கேதான்.

ரப்பர் வெடிப்பதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. காற்றில் மிகக் குறைந்த அளவில் ஓசோன் எப்போதும் இருக்கிறது. அது ரப்பரின் நீண்ட சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்பைத் தாக்கி அறுக்கிறது. ரப்பர் தளர்வாக இருக்கும் இடத்தில் இது பெரிதாகத் தெரியாது. இழுபட்டு நிற்கும் இடத்தில் அறுந்த இடம் வாய் திறக்கும், அந்த வாய் வழியாக இன்னும் உள்ளே போகும். அதனால்தான் இழுவைக்குக் குறுக்காக வெடிப்பு வரிசை விழுகிறது. பழைய ரப்பர் பேண்டை விரித்துப் பிடித்துப் பாருங்கள், அதே வரிசை தெரியும்.

டயர் செய்கிறவர்கள் இதற்காக ரப்பரில் மெழுகும் மருந்தும் கலக்கிறார்கள். டயர் ஓடி நெளியும்போது அந்த மெழுகு மேலே கசிந்து மெல்லிய போர்வையாக நிற்கும். ஓடாத டயரில் அது வருவது குறைவு. மே மாதத்தில் தென்மேல் மழை பிடித்தால் சைக்கிள் இஸ்தோப்பில் சாய்த்தபடி மாதக்கணக்கில் நிற்கும். காற்று தானாக இறங்கிவிடும். டயர் தரையில் மடிந்து, மடிப்பின் வெளிப்பக்கம் இழுபட்டபடியே கிடக்கும். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் சரியாக அந்த மடிப்பில் வெடிப்பு. ஓட்டாத நாட்களில் கயிற்றில் தொங்கவிடுங்கள், அல்லது இரண்டு கிழமைக்கு ஒரு முறை காற்றடித்துச் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி வையுங்கள். வெல்டிங் செய்யும் இடத்துக்கும் மோட்டர் ஓடும் இடத்துக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம், அங்கே ஓசோன் கூடுதல்.

இப்போது டயரைச் சோதிப்போம். காற்றை முழுக்க இறக்கி, வெடித்த இடத்தை விரல்களுக்கு நடுவே மடியுங்கள். வெடிப்பு ஆழமில்லாமல், அடியில் கறுப்பாகவே இருந்தால் அது தோல் சுருக்கம் மாதிரி. கவலைப்படாமல் ஓட்டுங்கள், மாதத்துக்கு ஒரு தரம் பாருங்கள். மடிக்கும்போது வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் மழைத்தண்ணீரும் மணலும் நூலைத் தொடும், நூலைப் பிடித்திருக்கும் ரப்பர் கழன்று அது அறுபட ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட டயரைப் பின்னுக்கு மாற்றி, புது டயருக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அன்றே கழற்றுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வெடித்த டயர் பளபளப்பாக வேண்டும் என்று தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில் எதையாவது பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கறுப்பாகத் தெரியும். ஆனால் எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை ஊதவைத்து இளக்கிவிடும். செயினை மண்ணெண்ணெயில் கழுவும்போதும் பின் டயரைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். டயருக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

பக்கச்சுவரில் சுற்றிவர ஒரே கோடாகத் தேய்ந்த வெட்டு

கத்தியால் கோடு போட்ட மாதிரி முழு வட்டமும் இருக்கும். கல்லோ முள்ளோ இப்படி வெட்டாது. பிரேக் கட்டை ரிம்மை விட்டு மேலே ஏறி டயரைத் தின்கிறது. சக்கரத்தை ஆளில்லாமல் சுற்றிவிட்டு மெதுவாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள், கட்டையின் மேல் ஓரம் டயரைத் தொடுவது கண்ணுக்கே தெரியும். நட்டைத் தளர்த்தி, கட்டை முழுக்க ரிம்மின் மேல் உட்காரும்படி இறக்கி இறுக்குங்கள். ரிம் கோணலாகச் சுற்றினால் ஸ்போக்ஸையும் சரிபார்க்க வேண்டும். டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் இதே கதிதான்.

இந்த வெட்டுக்குத் துண்டு வைத்துப் பயனில்லை. நூலைத் தொட்டிருந்தால் டயர் போய்விட்டது. அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் பாதை மாதிரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் கொதிக்கும், உள்ளே காற்றும் சூடாகி விரியும். நலிந்த பக்கச்சுவர் அந்த நேரம் பார்த்துத்தான் விடும். இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள், இடையில் நின்று ரிம்மை ஆறவிடுங்கள்.

ஓரிடத்தில் புடைத்து நிற்கிறது

சக்கரத்தைச் சுற்றினால் அந்த இடம் வரும்போது டயர் துள்ளும். வெளியே வெட்டே இருக்காது. உள்ளே நூல் அறுந்து, வெறும் ரப்பர் காற்றைத் தாங்கி நிற்கிறது. கம்பி விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராமல் இருந்தாலும் இப்படித் தெரியலாம், ஆகவே ஒரு முறை காற்றை இறக்கி, விளிம்பைச் சுற்றிலும் உள்ளே அழுத்திவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். திரும்பவும் புடைத்தால் டயரை மாற்றுங்கள்.

விளிம்பில் கம்பி தெரிகிறது

ரிம்மைப் பிடித்திருக்கும் கம்பி வெளியே வந்த டயருக்கு வைத்தியம் இல்லை. பின்சக்கரத்துக்கு மாற்றுவதும் வேண்டாம்.

புதுசு வாங்கப் போகும்போது

பழைய டயரைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "26 அங்குலம்" என்று கேட்டு வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 26 × 1.95 பட்டன் டயரின் எண் 559-இல் முடியும். பழைய பாணிச் சைக்கிளின் 26 × 1 3/8 டயர் 590-இல் முடியும். இரண்டும் 26 அங்குலம் என்றுதான் பெயர், ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது. கடைசி மூன்று இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

புது டயர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது முன்சக்கரத்துக்கு. முன்னால் இருந்ததைப் பின்னுக்குத் தள்ளி, பின்னால் இருந்ததைக் கழற்றிச் சுவரில் மாட்டுங்கள். அடுத்த வெட்டுக்குத் துண்டு எடுக்க அது வேண்டும். தம்பியின் டயருக்குள் இருக்கும் துண்டும் அப்படி என் சுவரில் இரண்டு வருடம் தொங்கிய டயரிலிருந்து எடுத்ததுதான். அவன் அப்பாவின் சம்பள நாள் வரைக்கும் அது தாங்கினால் போதும் என்றுதான் வைத்தேன். நேற்று அழுத்திப் பார்த்தேன், இன்னும் தூக்கவில்லை.